தட்டு மாறிய பங்கஜம்

செஞ்சி காந்தி பஜாரில் என் பியூட்டி பார்லருக்கும் அனந்தியின் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் யாருக்காவது புருவம் கோணலாகும். பதினோரு வருஷமாக இப்படித்தான் பிழைக்கிறோம். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். கோட்டைப் படிக்கட்டில் பத்துப் படி ஏறினதும் மூச்சு வாங்குகிறவர்களெல்லாம் கோட்டையின் வரலாறு எழுதுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரியைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதினால் குடி முழுகிவிடாது.

என் பெயர் கலைச்செல்வி. கறுப்பாகப் பிறந்த பெண்களை ஒரு நாளைக்கு மட்டும் வெள்ளையாக்கி மேடை ஏற்றுவது என் தொழில். வெள்ளையாகவே பிறந்த பொம்மைகளுக்குப் புடவை கட்டி நம்மூர்ப் பெண்ணாக்குவது அனந்தியின் தொழில். இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர்கள் ஒரே ஆட்கள்தான்.

அவளிடம் இருப்பது ஆரத்தித் தட்டு வாடகைக் கடை. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் சீர்வரிசையோடு ஏழோ பதினொன்றோ அலங்காரத் தட்டு போகாவிட்டால் இப்போதெல்லாம் விசேஷம் செல்லாது. முதல் தட்டின் நடுவில் ஒரு பொம்மை நிற்கும். கல்யாணம் என்றால் மாலையோடு மணப்பெண். வளைகாப்பு என்றால் பஞ்சு வைத்துக் கட்டிய வயிற்றோடு பிள்ளைத்தாச்சி. மஞ்சள் நீராட்டு என்றால் பச்சை ஓலைக் குடிசைக்குள் பாவாடை தாவணி. மூன்றும் ஒரே பொம்மைதான். உலகம் முழுக்கப் பேர்போன, ரோஸ் கலர் பெட்டியில் டாக்டராகவும் பைலட்டாகவும் வருகிற, இடுப்பே இல்லாத அந்த மேடம். நம்மூருக்கு மேடம் நேரில் வருவதில்லை. பாரிமுனையில் டஜன் கணக்கில் கிடைக்கும் அவளுடைய சித்தி பெண்கள்தான் வருகிறார்கள்.

அந்தப் பொம்மையோடு பழகினால்தான் அதன் கஷ்டம் தெரியும். குதிகால் தரையில் படாது. பிறந்ததிலிருந்து நுனிக்காலில்தான் வாழ்க்கை. அதனால் தானாக நிற்க முடியாது, பின்னால் மூங்கில் குச்சி செருகிப் பசை வைக்க வேண்டும். இடுப்பில் புடவை நிற்காது, குண்டூசிதான் கதி. முட்டி மடங்காது. கழுத்து மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும், எதைச் சொன்னாலும் சிரிக்கும். "கல்யாணத்துக்குக் கேக்கற லட்சணம் எல்லாத்தையும் கம்பெனிக்காரனே போட்டு அனுப்பிட்டான் பாரு" என்பாள் அனந்தி.

அவள் அந்தப் பொம்மைக்கு வைத்த பெயர் பங்கஜம்.

அனந்தி பிறந்தது சீயமங்கலம் பக்கத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில். கிழங்கு தோண்டினால் மண்ணுக்குள் இருக்கும் உயிர் சாகும் என்று உருளைக்கிழங்குகூடத் தொடாத வீடு. எறும்பை மிதிக்க மாட்டாள். மனுஷர்களை வாயாலேயே மிதிப்பாள், அதற்குத் தடையில்லை போலிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் சாயங்காலம் ஐந்தரைக்கு உலகமே எரிந்தாலும் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போய்விடுவாள்.

பி.ஏ. தமிழ் படித்தவள். படிக்கும்போதே வேடிக்கையாக எழுதுவாள். கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த பிறகும் எழுதி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள். ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார். நகைச்சுவைப் பகுதிக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், தாங்கள் சமையல் குறிப்பு அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று. இவள் உடனே ஒரு குறிப்பு அனுப்பினாள். கணவனின் கோபத்தைத் தோல் சீவி, உப்புப் போட்டு, மிதமான தீயில் வதக்குவது எப்படி என்று. அது அப்படியே பிரசுரமாகிவிட்டது, பக்கத்தில் ஒரு கத்தரிக்காய்ப் படத்தோடு. அங்கே யாரும் எதையும் முழுசாகப் படிப்பதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஊரில் ஒரு இலக்கிய மன்றமும் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு கூடுவார்கள். இவள் ஒரு தடவை போனாள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடச் சொன்னார்கள், பாடினாள். டீயை எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். பெண்ணியம் பற்றி ஒரு ஆண் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். நேரமாகிவிட்டதால் இவள் எழுதிக்கொண்டு போனதை அடுத்த கூட்டத்தில் படிக்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு இவள் போகவில்லை.

அப்புறம் வந்ததுதான் இந்தத் தட்டுக் கடை. கணவர் தேவேந்திரன் கூட்டு ரோட்டில் விதைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். யாரிடமும் சண்டை வேண்டாம் என்கிற நல்ல மனுஷன். அவரிடம் இருக்கிற ஒரே தொல்லையும் அதுதான். தட்டில் பொம்மைக்குப் பக்கத்தில் "வாழ்க வளமுடன்" என்று ஒரு ஜிகினா ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். ஒரு நாள் ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. அனந்தி ஒரு சின்ன அட்டையை வெட்டி, பொம்மை தானே பேசுகிற மாதிரி நாலு வரி எழுதிக் குத்தி அனுப்பினாள். அது இதுதான்:

"என் முட்டி மடங்காது. அதனால் இதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை. இது கம்பெனியின் கோளாறு. மாமியார் வீட்டார் பொறுத்துக்கொள்ளவும். இப்படிக்கு, பங்கஜம்."

கல்யாண வீட்டில் பெண்கள் அந்தத் தட்டைச் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரமே ஒருத்தி வந்து, "அக்கா, பொம்ம எதுவா இருந்தாலும் பரவால்ல, சீட்டு மட்டும் நல்லா வெச்சி குடு" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு. "என் இடுப்புக்குள்ளே குடல் வைக்க இடமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்." இந்த மாதிரி ஒரு நானூறாவது இருக்கும். பெண்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். விழுப்புரம் ஜில்லாவில் அதிகம் பேர் படிக்கும் எழுத்தாளர் யார் என்று யாராவது கணக்கெடுத்தால் என் பக்கத்துக் கடைக்காரிதான் வருவாள். ஆனால் அவள் பெயர் எந்தச் சீட்டிலும் கிடையாது.

அவளிடம் ஒரு தடவை கேட்டேன், "ஏன்டி, இதையெல்லாம் சேத்து புக்கா போடலாம் இல்ல?"

"புக்கு போட்டா மன்றத்துல இருக்கற பத்து பேரு வாங்கி வீட்ல வெச்சிப்பாங்க. தட்டுல வெச்சா நானூறு பொம்பளைங்க படிக்கறாங்க. எனக்கு இந்தச் சீட்டு போதும். இதையும் புடுங்கிட்டா நான் செத்துடுவன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சீட்டைத்தான் பிடுங்க வந்தார் பெரியதம்பி.

பெரியதம்பி செஞ்சியில் ரைஸ் மில் வைத்திருப்பவர். நாலு டிராக்டர், ஒரு மீசை. அவருடைய தங்கை அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். தங்கையின் கணவர் இறந்து மூன்று வருஷம். அதிலிருந்து அந்த வீட்டுக்கு அரிசி, கரண்ட் பில், அபிப்பிராயம் எல்லாம் அண்ணன் வீட்டிலிருந்துதான். தங்கையின் ஒரே பெண் மஞ்சு எட்டாவது படிக்கிறாள், பதின்மூன்று வயசு. அவள் பெரியவளானதற்கு மஞ்சள் நீராட்டு விழா, தாய்மாமன் செலவில் தடபுடலாக. தட்டு அனந்தியிடம், மேக்கப் என்னிடம்.

விழா அவலூர்பேட்டை மண்டபத்தில், தேதி வைத்தது மேல்மலையனூர் மாசித் தேர் நாளில். அதே நாளில் செஞ்சியில் ஒரு மண்டபத்தில் ஒரு டீச்சருக்கு வளைகாப்பு, அதற்கும் அனந்தியின் தட்டுதான். இரண்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் லோடு ஆட்டோ ஜகபர் அலி.

இங்கே அவர்களுடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் பெயர் எழுதும் வழக்கம் அனந்திக்குக் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி வாழைப்பழ அட்டைப்பெட்டி, ஜரிகை நசுங்கக் கூடாது என்று மேலே துணி கட்டியிருக்கும். தூரத்து விசேஷத்தின் பெட்டிகள் ஆட்டோவின் உள்ளே, கிட்டத்து விசேஷத்தின் பெட்டிகள் கதவோரம். கிட்டத்தில் இறக்கிவிட்டு தூரத்துக்குப் போக வேண்டும். ஜகபர் அலிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: முதல் இடத்தில் கதவோரம் இருக்கிறதை இறக்கு. ஏழு வருஷமாக ஒரு பெட்டி மாறியதில்லை. முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அனந்தி மாடிக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

விடியற்காலை ஜகபர் அலியின் ஆட்டோவில் முன் சீட்டில் மேக்கப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தது நான். "மொதல்ல செஞ்சி மண்டபம் போயிடலாமா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: "வேணாம் பாய், இன்னிக்கி தேரு. எட்டு மணிக்கு மேல மலையனூர் ரோட்ல வண்டி நவுராது. மொதல்ல அவலூர்பேட்டைக்கு வுடுங்க."

மனுஷர் விட்டார். முதல் இடம் வந்தது, கதவைத் திறந்தார், கதவோரம் இருந்த பெட்டிகளை இறக்கினார், திரும்பிப் போய்விட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த விஷயத்தை அனந்தியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நடுவில் பலகைதானே, திட்டுவது நன்றாகவே கேட்கும்.

மண்டபத்து வாசலில் நாற்பது அடி பேனர். செஞ்சிக்கோட்டை பின்னணியில், சிம்மாசனத்தில், கையில் வாளோடு பெரியதம்பி. மேலே "தாய்மாமன் தந்த சீர்" என்று எழுத்து. விழா நாயகியான மஞ்சு கீழ் மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு இருந்தாள்.

மஞ்சுவை உட்கார வைத்து நான் பவுண்டேஷன் போட ஆரம்பித்தேன். பெரியதம்பி கதவோரம் நின்று, "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கணும். நல்லா வெள்ளையா அடி" என்றார், சுண்ணாம்பு அடிக்க வந்தவளிடம் சொல்கிற மாதிரி. நானும் அடித்தேன். மஞ்சு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. "அக்கா, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்? நாளான்னிக்கி சயின்ஸ் டெஸ்ட் இருக்குது" என்றாள். ஜடை, பூ, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் ஏற்றி முடித்தபோது அவளால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

மஞ்சுவைப் பெற்றவள் அந்த அறைக்குள் வரவில்லை. புருஷனில்லாதவள் சுப காரியத்தில் முன்னால் வரக் கூடாதாம். அதனால் பத்து மாதம் சுமந்த அந்தம்மா மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டாலொழிய நகர மாட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பது மட்டும் சுபம் போலிருக்கிறது, அதை அவள்தான் செய்தாள்.

பத்தரைக்குத் தெருமுனையிலிருந்து சீர் கிளம்பியது. துணியைப் பிரித்துத் தட்டுகளைப் பெண்கள் ஏந்திக்கொண்டார்கள். பட்டுப்புடவை கட்டிய பொம்மை, கண்ணாடி வளையல், பழம், இனிப்பு. பொம்மையையும் குடிசையையும் விட்டால் வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் தட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. பொம்மையின் வயிற்றை முந்தானை மறைத்திருந்தது. தட்டு தூக்கியவர்கள் தங்கள் நகை கேமராவில் விழுகிறதா என்று பார்த்தார்களே தவிர பொம்மையையோ குடிசை இல்லாததையோ பார்க்கவில்லை.

மேடையில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பெரியதம்பி மைக்கைப் பிடித்தார். "என் தங்கச்சி பொண்ணு வேற, எங்க வீட்டு மருமவ வேற கிடையாது. பத்தாவது வரைக்கும் படிக்கட்டும், போதும். மூணு வருசம். அப்புறம் எம்பையனுக்குத்தான்னு இந்த சபையில உறுதியா சொல்லிக்கறன்." கைத்தட்டல். அவருடைய பையன் மூன்றாவது வரிசையில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்தான். சட்டம் பதினெட்டு என்று சொல்கிறது. தேர்க் கூட்டத்தில் சட்டத்துக்கு அவலூர்பேட்டை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை போலும். தூணோரம் பார்த்தேன். அந்தம்மா கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அடுத்து மைக் செட் பீமாராவின் முறை. சுற்று வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் அவர் குரல்தான். அனந்தியின் சீட்டை மைக்கில் படித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. முன்கூட்டி ஒரு தடவை படித்துப் பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது. சீட்டை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், கணீரென்று படித்தார்.

"நான் டாக்டருக்குப் படித்தேன். பைலட் ஆனேன். விண்வெளிக்கும் ஒரு நடை போய் வந்தேன். ஒருத்தரும் ஒரு வெற்றிலை பாக்குகூட வைக்கவில்லை."

பெண்கள் பக்கம் சிரிப்பு. பீமாராவ் உற்சாகமாகிவிட்டார்.

"வயிறு வந்தது, பதினோரு தட்டு வந்துவிட்டது. ஊருக்கு என்னிடம் வேண்டியது இதுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், இவ்வளவு படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். இப்படிக்கு, ஏழாம் மாதத்துப் பங்கஜம்."

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒருத்தி தட்டருகே போய்ப் பொம்மையின் முந்தானையை விலக்கிப் பார்த்து, "ஐயய்யோ, மாசமா இருக்குது!" என்று அலறினாள். ஒரு பொம்மை மாசமானதற்கு ஒரு மண்டபமே இப்படித் துடித்து நான் பார்த்ததில்லை.

பெரியதம்பி சீட்டைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார். அது மஞ்சு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியில் போய் விழுந்தது. "எவ அவ? அந்தத் தட்டுக்காரி எங்க?" என்று கத்தினார்.

தட்டுக்காரி ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். செஞ்சி மண்டபத்தில் பெட்டியைப் பிரித்ததும் வளைகாப்பு டீச்சர் முன்னால் ஓலைக் குடிசையும் தாவணியும் வந்து நின்றிருக்கிறது. அந்த டீச்சர் சிரித்த சிரிப்பில் அங்கேயே வலி எடுத்துவிடுமோ என்று பயந்துபோனார்களாம். அனந்திக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு ஆறு தடவை போன் செய்திருக்கிறாள், பேண்டு சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஓலைக் குடிசையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தேர்க் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால்.

உள்ளே நுழைந்ததும் நாலு பக்கமும் வசவு. அவள் குடிசையைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என்னுதுதாங்க. பெட்டி மாறிடுச்சி" என்றாள். தப்பு என்னுடையது என்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. ரைஸ் மில் வீட்டில் அடுத்து இரண்டு கல்யாணம் இருக்கிறது என்று என் மூளை கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பெரியதம்பி நியாயஸ்தர் தோரணையில் தீர்ப்புச் சொன்னார். "தட்டு மாறிச்சி, சரி. வுட்டுடறன். ஆனா இந்தச் சீட்டு எழுதற கொழுப்பு இருக்குது பாரு, அத வுட மாட்டன். ஊர்ல இருக்கற பொம்பளைங்கள கெடுக்கறதே இதுதான். இனிமே சத்தியமா சீட்டு எழுத மாட்டன்னு இந்த மைக்ல சொல்லு. இல்லன்னா செஞ்சி, அவலூர்பேட்டை, மலையனூரு, ஒரு மண்டபத்துல உன் தட்டு ஏறாது. மண்டபத்துக்காரங்க எல்லாம் நம்ம ஆளுங்க."

அனந்தியின் போன் அடித்தது. தேவேந்திரன். அதற்குள் யாரோ அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது. "சொல்லிடு அனந்தி. ஒரு வார்த்ததான, போவட்டும். கட நிக்கணும்." சொன்னேனில்லையா, நல்ல மனுஷன்.

அவள் போனை வைத்துவிட்டு மேடைக்குப் போனாள். போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் அவள் பேச வார்த்தை தேடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைக்கை வாங்கினாள். "வேற விசேஷத்துக்குப் போவ வேண்டிய தட்டு இங்க வந்துடுச்சி. மஞ்சு, உன் விசேஷத்துல இப்படி ஆயிடுச்சி. உங்கிட்டதான் நான் மன்னிப்பு கேக்கணும். மன்னிச்சிக்கோமா."

மஞ்சு பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"அது கெடக்கட்டும், சீட்டப் பத்திச் சொல்லு" என்றார் பெரியதம்பி.

"இனிமே..." என்று ஆரம்பித்த அனந்தி நிறுத்தினாள். "இனிமே நான் சீட்டு எழுதறத..." மறுபடியும் நின்றது. அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டு சொல்லிடறன். அதுல எது அசிங்கம்?"

பெரியதம்பி எழுந்து வந்து மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று கத்தினார். அவர் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் பீமாராவின் எட்டு ஸ்பீக்கரிலும் தெருமுனை வரைக்கும் கேட்டது. "எது அசிங்கமா? பதிமூணு வயசுப் புள்ள எதுர்ல வயித்தோட பொம்மைய கொண்டாந்து வெக்கற, எது அசிங்கம்னு கேக்கற? அதுக்கு இன்னாடி தெரியும்? கொழந்த அது! கொழந்தடி!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சுவின் அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில்களை யாரோ ஒரு கிழவர் கையில் திணித்துவிட்டு, நாற்காலி வரிசைக்கு நடுவில், தட்டுகள் வைத்திருந்த மேடையைப் பார்த்து நேராக. ஒரு அத்தை எழுந்து, "நீ எங்கமா வர, அங்கயே நில்லு" என்று கையை நீட்டினாள். அந்தம்மா அந்தக் கையைத் தள்ளக்கூட இல்லை, சுற்றிக்கொண்டு வந்தாள். மேடைப் படியில் ஏறினாள். அனந்தி தானாகவே மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணா" என்றாள். "கொழந்தன்னு சொன்னியே. இன்னும் மூணு வருசத்துல அந்தக் கொழந்தைக்கு இன்னா வயசாவும்ணா?"

பெரியதம்பி மீசையைத் தடவினார். பேனரில் வாள் பிடித்த கை அது.

"பதினாறு" என்றாள் மஞ்சு. கணக்கில் அவள் கெட்டிக்காரியாம்.

"எதுர்ல பொம்மைய வெச்சதே அசிங்கம்னு சொல்ற. எம்பொண்ணயே அந்தப் பொம்ம எடத்துல கொண்டும்போய் வெக்கறதுக்குப் பேரு சீரா?" மூன்று வருஷத்து அரிசியும் கரண்ட் பில்லும் அவள் கண்முன்னால் ஓடியிருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலிக்கடியில் கிடந்த சீட்டை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் மஞ்சுவே ஒட்டியாணம் இடுப்பை அறுக்க, எட்டி எடுத்துப் பிரித்துத் தொடையில் வைத்து நீவிக் கொடுத்தாள்.

அந்தம்மா சீட்டை வாங்கி பீமாராவிடம் நீட்டினாள்.

"இன்னொரு தபா படிங்கண்ணா. நிறுத்திப் படிங்க. எங்க அண்ணனுக்கு மொத தபா சரியா கேக்கல."

பீமாராவ் பெரியதம்பியைப் பார்த்தார். மைக் செட் வாடகை அவர் கொடுப்பதுதான். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் டாக்டருக்குப் படித்தேன் என்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரியதம்பிக்கு நன்றாகவே கேட்டது.